அசல் கதவு

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம் என்று அம்மா சொல்வாள். கணக்கு டீச்சராகப் பரீட்சை ஹாலில் நடந்து நடந்து வந்த குணம் என்று நான் சொல்வேன். எங்கிருந்து வந்ததோ, அந்தத் தலைவர் வீட்டைப் பார்க்கப் போன அன்று என்னோடு அதுவும் வண்டியில் ஏறிவிட்டது. எனக்கு அந்த வீட்டின் மேல் சந்தேகம். அண்ணன் மேல் சந்தேகம். எல்லாரையும்விட என்னைப் பெற்ற அத்தா மேல்தான் அதிகச் சந்தேகம்.

எல்லாம் எங்கள் வீட்டு வாசல் கதவால் வந்தது.

கம்பத்தில் எங்கள் வீடு இருக்கும் தெரு அப்போதே பாதி பஜாராகிவிட்டது. பக்கத்து வீடுகளில் எல்லாம் முன்னறை போய்க் கடை வந்துவிட்டது. எங்கள் வாசலில் மட்டும் ஒரு பெரிய தேக்கு நிலை, இரட்டைக் கதவு. பித்தளைக் குமிழ்கள் தேய்ந்து மொட்டையாகி இருக்கும். மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டால் இரண்டு பேர் தோள் கொடுத்தால்தான் திறக்கும். அத்தா ஏலக்காய் வியாபாரி. போடி ஏலத்துக்கும் குமுளிக்கும் போய்வந்துகொண்டிருந்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும், தரகர், சம்பந்தக்காரர், டிவி ரிப்பேர் பார்க்க வந்தவர் யாரானாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"இது யார் வீட்டுக் கதவு, தெரியுமா?"

தெரியாது என்று அவர்கள் சொல்ல வேண்டும். சொன்னதும் கதை ஆரம்பிக்கும். பெரியகுளத்தைத் தாண்டி, கெங்குவார்பட்டிப் பக்கம் பிறந்து, வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போய், பிறகு டெல்லியில் மந்திரியாகவும் இருந்த அந்தத் தலைவரின் வீட்டுக் கதவு இது. அவர் காலமான பிறகு பிள்ளைகள் எல்லாம் மெட்ராஸோடு போய்விட்டார்கள். வீடு பாழானது. முதலில் ஓடு போனது, பிறகு தூண், பிறகு கதவு. மரக்கடையில் கிடந்த கதவை அத்தா கண்டுபிடித்து, பழைய ஆள் ஒருவரை வைத்து விசாரித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் அப்போது அம்மா வயிற்றில். அம்மா பிரசவத்துக்காக உத்தமபாளையத்தில் தாய்வீட்டில் இருந்தாள்.

ஒரு சிக்கல் இருந்தது. நிலையின் மேல்சட்டத்தில் கஜலட்சுமி செதுக்கியிருந்ததாம். நடுவில் அம்மன், இரண்டு பக்கமும் யானை. எங்கள் வாசலில் உருவம் வைக்கிற வழக்கம் கிடையாது. தெருவில் அந்தக் காலத்துப் பெரியவர்கள், "காசு கொடுத்து வாங்குன மரந்தானே, இழைச்சுத் தள்ளு" என்றார்களாம். அத்தா ஒப்பவில்லை.

"ஒருத்தவுக மஞ்ச வச்சுக் கும்பிட்ட எடத்துல உளி வைக்கிறதுக்கு நாம யாரு?"

இப்படிக் கேட்டுவிட்டு, மேல்சட்டத்தின் நீளத்துக்கு ஒரு பலகை அறுத்து, அதன் மேல் வைத்து ஆணி அடிக்கச் சொல்லிவிட்டார். பலகையில் பச்சைப் பெயிண்டில் 786 எழுதியாயிற்று. அடித்த ஆசாரியும் அந்தப் பெரியவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் உயிரோடு இருப்பது அத்தா ஒருவர்தான்.

நான் சும்மா இருப்பேனா? பத்து வயதிலேயே கேட்டேன், கழற்றிக் காட்டுங்கள் என்று. "அடிச்ச ஆணி அடிச்சதுதான் ஆத்தா" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். கழற்றினாலும் அதில் என்ன நிரூபணம் என்று பின்னால் எனக்கே தோன்றியது. இந்தப் பள்ளத்தாக்கில் பழைய வீட்டு நிலைகளில் பாதிக்கு மேல் கஜலட்சுமிதான். ஆக, நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ. அதோடு கதை ஆளுக்கு ஆள் கொஞ்சம் நீளும். ஒருநாள் தலைவர் ஜெயிலுக்குப் போகும்போது இந்தப் படியில் நின்று பேசினார். இன்னொரு நாள் அதே படியில் உட்கார்ந்து அழுதார். பார்த்து எழுதும் பிள்ளையின் விடைத்தாள்தான் இப்படி வரிக்கு வரி மாறும்.

அண்ணன் சவுதியிலிருந்து திரும்பிவந்தது கைபேசியில் ஆளாளுக்குப் பாட்டு வைக்கத் தொடங்கியிருந்த நேரம். முன்னறையில் செல்போன் கடை வைப்பது என்று தீர்மானமாக வந்திருந்தான். கடை என்றால் தெருவைப் பார்த்து அகலமான வாசல் வேண்டும், ஷட்டர் வேண்டும். நிலையைப் பெயர்க்காமல் ஷட்டர் வராது. அத்தா முடியாது என்றார். அதோடு இருவருக்கும் நேர்ப்பேச்சு நின்றது. நான் வேலை பார்க்கும் தேனியிலிருந்து லீவுக்கு வந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி வேலை.

"உங்க அத்தாகிட்டச் சொல்லு. மரக்கடைக்காரன் எந்தக் கட்டையைத்தான் சும்மா கட்டைன்னு வித்துருக்கான்?"

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லு. நான் மவுத்தானதுக்கப்புறம் பேத்துக்கிறட்டும்."

அண்ணனுக்கும் இரண்டு பிள்ளைகள். கொண்டுவந்த பணம் கரைந்துகொண்டிருந்தது. அவன் பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் தலைவரின் வீட்டை ஒரு கமிட்டி எடுத்துக் கட்டி, பழையபடியே ஆக்கி, நினைவில்லமாகத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அண்ணன் துள்ளிக் குதித்தான்.

"அங்கன போய்ப் பாத்துருவோம். அவுக வாசல்ல அசல் கதவு இல்லன்னா நம்மளது அசல், நான் வாயே தொறக்கல. இருந்துச்சுன்னா ஷட்டர். அத்தாவைக் கேளு."

அத்தா ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்கு லீவு இருந்த இரண்டாம் சனிக்கிழமை வாடகை வேனில் கிளம்பினோம். அத்தா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி, அத்தர் வாசனை என்று பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். சின்னமனூரில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. "சனிக்கிழமையாப் பாத்துக் கெளம்புனோம் பாரு" என்று அண்ணன் முனகினான்.  பெரியகுளம் வரைக்கும் அத்தாவின் விரல் மடியில் எதையோ தட்டிக்கொண்டே வந்தது.

வீட்டை நெருங்கும்போதே வார்னிஷ் வாசனை வந்தது. பழைய வீட்டுக்கு எதற்கு இத்தனை பளபளப்பு என்று முதல் கேள்வி எனக்குள் எழுந்தது. நடுவாசலில் இரட்டைக் கதவு விரியத் திறந்திருந்தது. ஆனால் குறுக்கே சிவப்புக் கயிறு. வாசல் வழியாக யாரும் போகக்கூடாதாம். சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு: "தலைவர் வாழ்ந்த காலத்திலிருந்தே உள்ள அசல் நிலைக்கதவு." மேல்சட்டத்தில் கஜலட்சுமி. இரண்டு பக்கமும் இரண்டு யானைகள், தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, நேற்று எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல.

அண்ணன் போர்டை இரண்டு தடவை வாசித்தான். இரண்டாவது தடவை சத்தமாக.

அத்தா கதவின் ஓரத்தைப் பெருவிரலால் ஒரு தடவு தடவினார். மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் சந்துப் பக்கம் நடந்துவிட்டார்.

உள்ளே சுற்றிக்காட்ட ஒரு பொறுப்பாளர் இருந்தார். கதர்ச்சட்டை, குட்டையான ஆள், மனப்பாடமாகப் பேசினார். இது தலைவர் நூற்ற ராட்டை. இது தலைவர் பிடித்த கைத்தடி. இது தலைவர் படுத்த கட்டில். நான் குனிந்து கட்டில் காலைப் பார்த்தேன். நட்சத்திரத் தலை வைத்த ஸ்குரூ. என் பள்ளிக்கூட பெஞ்சில் போன வருஷம் அடித்த அதே ஸ்குரூ. தலைவரின் மூக்குக்கண்ணாடி என்று ஒரு பெட்டியில் வைத்திருந்ததில் பவரே இல்லை. அதன் வழியாகப் பார்த்தால் கீழே விரித்த துணியின் பூ அப்படியே பூவாகத் தெரிந்தது. என் கைக்குட்டையைக் கொடுத்தால் அதற்கும் இங்கே ஒரு வரலாறு எழுதிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது. ஆத்திரமும் வந்தது.

கூடத்தில் ஒரு பெரிய புகைப்படம். தலைவர் ஜெயிலிலிருந்து வந்த அன்று எடுத்ததாம், கழுத்துக் கொள்ளாத மாலையோடு வாசலில் நிற்கிறார். அவர் தலைக்கு மேலே அந்த நிலை. அம்மன் தெரிந்தாள், யானைகளும் தெரிந்தன. ஆனால் இடதுபக்கத்து யானைக்கு முகம் மட்டும்தான். தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"இந்த ஆனைக்குத் தும்பிக்கை இல்லையே? வாசல்ல இருக்கே?" என்று கேட்டேன்.

பொறுப்பாளர் சட்டென்று, "அது போட்டோவுல பூச்சி அரிச்சதும்மா. இத வச்சுத்தானே நாங்க செய்யச் சொல்லி..." என்று தொடங்கியவர் முழுங்கிக்கொண்டார். "சரிபாக்கச் சொல்லி, சரிபாத்தோம்" என்றார்.

பிடித்துவிட்டேன். மடியிலிருந்து துண்டுத்தாள் விழுந்த மாதிரிதான். புகைப்படத்தைப் பார்த்துப் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். வாசல் கதவு போலி. இதைச் சொல்லத்தான் அத்தா பக்கம் திரும்பினேன்.

அத்தா புகைப்படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். அவர் தலைவரைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரே இடத்தைப் பார்த்து நான் அவரைக் கண்டதில்லை.

பொறுப்பாளர் அவர் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"பாய் எந்த ஊருங்க?"

"கம்பம்."

"அப்படியா! கம்பத்துல ஒரு பாய் வீட்டுல இந்த வீட்டுக் கதவு இருக்குன்னு ஒரு பேச்சு அடிபடுது. கமிட்டிக்காரவுக தேடிக்கிட்டுத்தான் இருக்காக. தட்டுப்பட்டா எப்படியும் கொண்டாந்து இங்கன வச்சிரணும்னு தீர்மானமே போட்டாச்சு. பெரிய ஆபீசர் வரைக்கும் சொல்லி வச்சிருக்காக. ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?"

வாசலில் இருப்பது அசல் என்று போர்டு வைத்ததையே மனிதர் மறந்துவிட்டார். இதோ, வாழ்நாள் முழுக்க எந்தக் கேள்வியை இவர் ஊருக்கெல்லாம் கேட்டாரோ, அந்தக் கேள்வி இவரையே தேடி வந்துவிட்டது. இனி தண்ணீர்கூடக் கேட்காமல் கதையை ஆரம்பிப்பார் என்று நின்றேன்.

அத்தா சொன்னார்: "கம்பத்துல அப்படி எதுவும் இல்லங்க. எனக்குத் தெரியாத வீடு அங்கன கிடையாது. சின்ன வயசுல நான் இந்த வாசலப் பாத்திருக்கேன். இப்ப வாசல்ல இருக்கே, இதே கதவுதான். அசல்."

அண்ணன் என்னைப் பார்த்தான். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. எனக்கு அவமானமாக இருந்தது. நான் பிறந்ததிலிருந்து கேட்ட கதை. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுக் காப்பாற்றிய கதை. அதை மனிதர் இரண்டே வரியில் கைகழுவிவிட்டார். போலிக் கதவுக்குச் சாட்சியும் சொல்லிவிட்டார். அப்படியானால் இத்தனை வருஷமும் எங்களை ஏமாற்றினாரா? அல்லது மரக்கடைக்காரனிடம் ஏமாந்தது இன்றைக்குத்தான் தெரிந்ததா?

திரும்பும் வழியில் அண்ணனுக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. பெரியகுளத்தில் வண்டியை நிறுத்தி இளநீர் வெட்டச் சொன்னான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நேராகப் பேசினான். "குடிங்கத்தா." அத்தா வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, "ஏலே, ஷட்டர்க்காரனுக்குச் சொல்லிரு" என்றார்.

இவ்வளவு சுலபமாக அவர் எதையும் விட்டுக்கொடுத்துப் பார்த்ததில்லை. ஏலக்காய் பேரத்தில் ஒரு ரூபாய்க்குத் துண்டுக்குள் தரகரின் விரலைப் பிடித்து விலை சொல்லிக்கொண்டு கால்மணி நேரம் நிற்கிற மனிதர். வண்டி தேனி தாண்டும்வரை அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த வாரக் கடைசியில் அண்ணன் ஆசாரியைக் கூட்டிவந்தான். நானும் வந்திருந்தேன். அத்தா தெருவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். நிலையைப் பெயர்ப்பதற்கு முன்னால் மேலே அடித்த பலகை வர வேண்டும். ஏணியில் ஏறிய ஆசாரி கடப்பாரை நுனியைக் கொடுத்து நெம்பினார். துருப்பிடித்த ஆணிகள் முனகிக்கொண்டு வந்தன. பலகை கழன்றதும் தூசியும் பல்லி முட்டை ஓடும் எங்கள் தலையில் கொட்டியது.

அம்மன் இருந்தாள். வலதுபக்கத்து யானை தும்பிக்கையைத் தூக்கியிருந்தது. இடதுபக்கத்து யானைக்குத் தும்பிக்கை இல்லை. இப்போது உடைந்ததல்ல, எந்தக் காலத்திலோ உடைந்து, எண்ணெய் ஏறி, உடைந்த இடம் கறுத்து வழவழப்பாகிப் போயிருந்தது. அம்மனின் காலடியில் பழைய மஞ்சள் கோடாக ஒட்டியிருந்தது.

ஆசாரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

அண்ணனும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவன்தான்.  "அத்தா" என்றான்.

அத்தா திரும்பவில்லை. தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"பாத்துட்டீகளா?"

"அப்புறம் ஏந்த்தா அங்கன அப்படிச் சொன்னீக?"

"ஆமான்னு சொல்லிருந்தா நாளைக்கே லாரியக் கொண்டாந்து தூக்கிட்டுப் போயிருவாக. அங்கன பாத்தேல்ல, கயித்தக் கட்டிச் சந்து வழியா ஆள விடுறாக. மனுசன் தாண்டாத வாசல் என்ன வாசல்? நீ பேத்தேன்னு வச்சுக்க, கொல்லையில ஒரு ஓரமாச் சாத்தி வப்ப. எங்கண்ணு முன்னாடி கெடக்கும். அதான் ஒனக்கே விட்டுட்டேன்."

குரல் ஒரு இடத்தில் உடைந்தது. நாற்காலியில் முதுகு மட்டும் நேராகவே இருந்தது. எனக்கு ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர்மேல் அத்தனை சந்தேகப்பட்டவள் எந்த முகத்தோடு போவது என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் யானையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆசாரியிடம், "பலகையை மறுபடி அடிச்சிருங்கண்ணே. புது ஆணியாப் போட்டு அடிங்க" என்றான்.

கடை சந்துப்பக்கச் சுவரை இடித்துத்தான் வந்தது. ஒரு ஆள் நிற்கிற அளவுதான். பஜார்ப் பக்கம் இருந்திருந்தால் வரக்கூடிய வியாபாரம் அங்கே வரவில்லை. அதைப் பற்றி அண்ணன் என்னிடம் புலம்பியிருக்கிறான், அத்தாவிடம் ஒருநாளும் புலம்பியதில்லை.

அந்தப் பொறுப்பாளர் வந்தது அதற்கப்புறம் ஒரு பெருநாள் லீவில். கூடக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர். யாரோ தெருவையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அத்தா இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன கதைதானே, யாருக்குத்தான் தெரியாது? அவர்கள் வாசலில் நின்று நிலையை அண்ணாந்து பார்த்ததை ஜன்னல் வழியாகக் கண்டதும் அண்ணனுக்குக் குரல் கொடுத்தேன். அண்ணன் கடையிலிருந்து வேகமாகச் சுற்றிக்கொண்டு வந்தான்.

"வாங்க, வாங்க. இதுவா? இது எங்கத்தா சின்னமனூர் மரக்கடையில வாங்கிப் போட்டது. ஒங்க வீட்டுக் கதவத்தான் நாங்களே வந்து பாத்தோமே, அசல் அங்கனதான இருக்கு!"

முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. பரீட்சை ஹாலில் நானே அவனைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். பிறகு அவர்களை உள்ளே கூப்பிட்டான். மூவரும் அந்தப் படியைத் தாண்டித்தான் வந்தார்கள். அம்மா டீ கொடுத்தாள். அத்தா எதிரில் உட்கார்ந்து, மழை உண்டா, திராட்சை என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மற்ற இரண்டு பேரும் தெருவுக்கு இறங்கிவிட்டார்கள். பொறுப்பாளர் மட்டும் நிலைக்குக் கீழே நின்றார். கையை நீட்டி மொட்டையாகிப்போன ஒரு குமிழைத் தொட்டார். பச்சைப் பெயிண்டை ஒருமுறை பார்த்தார். புதிதாக மின்னிய ஆணிகளையும் பார்த்தார்.

"நெசமாச் சொல்லுங்க பாய்" என்றார், குரலைத் தாழ்த்தி. "இது யார் வீட்டுக் கதவு?"

 அத்தா கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எங்க வீட்டுக் கதவு" என்றார்.